ஓடையில் நான் கழுவி விட்ட எண்ணெய்

தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்ப்பவன் தீயை அணைக்கிற நாட்கள் குறைவு. மற்ற நாட்களில் பாம்பு பிடிப்பான், கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்குவான், ரோட்டைக் கழுவுவான். பொதுமக்களின் போனை எடுத்துப் பதில் சொல்லும் வேலையில் இருக்கிற எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். மின்சாரமோ, பஸ்ஸோ, ஆஸ்பத்திரியோ, நீங்கள் எங்கே இருந்தாலும் சரி, உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வந்திருக்கும். வேலையைச் சுத்தமாகச் செய்து முடித்த பிறகு, இதைச் செய்யாமலே இருந்திருக்கலாமே என்று தலையில் கை வைத்து உட்கார்ந்த நாள். என்னுடைய நாளை இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஊர்ப் பெயரை மட்டும் கேட்காதீர்கள். பள்ளிபாளையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், காவிரிக் கரையில் ஒரு சின்ன ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் சேலத்துக்காரன். பெயர் சேவியர். அந்த ஊரில் நிலைய அலுவலர்.

கழுவுவது எங்கள் வழக்கம்

அதற்கு முன்னால் சங்ககிரிப் பக்கம் சில வருஷம் இருந்தேன். பார்க்கிற இடமெல்லாம் லாரி. எங்கேயாவது ஒன்று கவிழ்ந்து டீசல் ரோட்டில் ஓடும். பின்னால் பைக்கில் வருகிறவர்கள் வரிசையாக வழுக்கி விழுவார்கள். போலீஸ் எங்களைக் கூப்பிடும். நாங்கள் போய் ஓஸைப் பிரித்து, முழு வேகத்தில் தண்ணீர் அடித்து, எண்ணெயை ரோட்டோரம் தள்ளிவிட்டு வருவோம். அப்படித் தள்ளிய எண்ணெய் அதற்குப் பிறகு எங்கே போகிறது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை.

பயிற்சியில் வேறு மாதிரிதான் சொல்லிக் கொடுத்தார்கள். எண்ணெய் கொட்டினால் மண்ணைப் போடு, அது போகிற வழியை அடை, தண்ணீரைக் கிட்டே கொண்டுபோகாதே என்பது பாடம். பரீட்சையில் அதை அழகாக எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் உச்சி வெயிலில் ஐம்பது வண்டி ஹாரன் அடிக்கும்போது மண்ணைத் தேடிக்கொண்டு யார் போவது? கை தானாக ஓஸுக்குத்தான் போகும். ஒரு தடவை அப்படிக் கழுவிக்கொண்டிருந்தபோது, நாமக்கல் லாரி டிரைவர் ஒருவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னார்: "ஏனுங்க சார், அப்படியே என்ற வண்டியையும் ஒரு அடி அடிச்சு உடுங்க. ஒரு மாசமாக் கழுவவே இல்லீங்க."

கால் மணி நேர வேலை

அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றுகிற சைசிங் மில் ஒன்றிலிருந்து போன் வந்தது. பேசியவர் மேனேஜர் குமாரசாமி. "தீயெல்லாம் இல்லீங்க சார், கொஞ்சம் எண்ணெய்தான். ஆளுங்க வழுக்கி வழுக்கி உளுகறாங்க. வந்து கழுவி உட்டீங்கன்னா நொம்ப உபகாரமா இருக்கும்" என்றார்.

போய்ப் பார்த்தால் அது கொஞ்சம் இல்லை. பாய்லருக்கு எரிக்கிற பர்னஸ் ஆயில் டேங்கில், ரிவர்ஸில் வந்த வேன் ஒன்று இடித்து அடிக்குழாய் முறிந்திருந்தது. ஆட்கள் குழாயில் சாக்கை அடைத்துக் கசிவை நிறுத்தியிருந்தார்கள். அதற்குள் முற்றம் முழுக்கக் கருப்பாகத் தேங்கிவிட்டது. நாற்றத்தில் கண் எரிந்தது. ஒரு தொழிலாளி விழுந்து முழங்கை பெயர்ந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். யோசிக்க என்ன இருக்கிறது? எங்கள் டிரைவர் பழனியப்பனைப் பார்த்து "தண்ணி விடு" என்றேன். அந்த இரண்டு சொல்லை இன்றைக்கும் என் காது மறக்கவில்லை.

இரண்டு ஓஸ் போட்டோம். முற்றம் வாட்டமாக இருந்தது எங்களுக்கு வசதியாகப் போனது. எண்ணெய் தண்ணீரோடு சேர்ந்து சரிவில் இறங்கி, சுவர் ஓரத்துச் சாக்கடைக்குள் போய் மறைந்தது. கால் மணி நேரத்தில் தரை தெரிந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. மேனேஜர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, தரையில் செருப்பைத் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கல்யாண ஊட்டு வாசலாட்டம் ஆக்கிப் போட்டீங்களே சார்!"

என்ன ஜாதி வாத்து?

நிலையத்துக்குத் திரும்பி, ஓஸைக் காயப்போட்டுவிட்டு, பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுப் பையைத் திறந்தேன். வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. பின்னால் பெரிய மூங்கில் கூடை. வந்தவர் மாரப்பன். அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்க்கிறவர். ரோட்டில் அவர் பட்டி குறுக்கே போகும்போது எங்கள் வண்டியே சைரனை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். அந்தப் பழக்கம்.

கூடையிலிருந்து ஒரு வாத்தை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். தலை முதல் வால் வரை கருப்பு. இறகெல்லாம் உடம்போடு ஒட்டிக்கிடந்தது. நிற்க முடியாமல் மேஜைமேல் மார்பை வைத்துப் படுத்துக்கொண்டது. கண் மட்டும் சிவப்பாகத் திறந்து திறந்து மூடியது. எனக்கு எதுவுமே உறைக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், சிரித்துக்கொண்டே கேட்டேன், "இது என்ன ஜாதி வாத்து மாரப்பா, புதுசா இருக்கு?" என்று.

அவர் வாத்தின் இறக்கையைத் தூக்கி, அடியில் எண்ணெய் படாத ஒரு விரல் அகல இடத்தைக் காட்டினார். பால் வெள்ளை. அந்த வெள்ளையைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. மில் சாக்கடை ஓடையில்தான் போய் விழுகிறது. ஓடையில்தான் இவர் வாத்துகளை இறக்குவார். அந்த ஓடைக்கு எண்ணெயை அனுப்பியது டேங்க் இல்லை, நான். முற்றத்தில் தேங்கிக் கிடந்ததை ஓஸ் போட்டு அனுப்பி வைத்திருக்கிறேன். மாரப்பன் கோபப்படவில்லை, கத்தவுமில்லை. மெதுவாகச் சொன்னார்: "வெள்ளை வாத்துங்க சார். காத்தால ஓடையில எறக்கறப்ப எல்லாமே வெள்ளைங்க."

முறை நாள்

"ஓடை எங்கப்பா போகுது?" என்று பழனியப்பனைக் கேட்டேன். அவர் உள்ளூர்க்காரர். "ஆத்துக்குத்தானுங்க சார். ஓடை போய்ச் சேர்ற எடத்துலதான் நம்மூர்க் குடிதண்ணிக் கிணறு" என்றார். சொல்லி முடித்ததும் அவர் முகமும் வெளுத்துவிட்டது. ஊர் முழுக்கக் குடிக்கிறது அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான். என் வீட்டிலும் அதேதான். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிற நேரம் அது.

தண்ணீர் மோட்டார் பூங்கொடி அம்மாள் பொறுப்பு. ஐம்பது வயதுக்காரர். எந்தத் தெருவுக்கு எந்த நாள் முறை என்பதில் கடிகாரத்தைவிடக் கறாரானவர். போன் போட்டு, ஓடையில் எண்ணெய் வருகிறது என்று சொல்லி மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். "என்னங்க சார் வெளையாடறீங்க? இன்னிக்குக் கெழக்குத் தெரு மொறை. அஞ்சு நாளைக்கு ஒருக்காத்தான் அவங்களுக்குத் தண்ணி. பாதியில நிறுத்துனா கொடத்தோட என்ற ஊட்டு வாசல்ல வந்து உக்காந்துக்குவாங்க. சேர்மன் சொல்லட்டும், நிறுத்தறேன்" என்று வைத்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. முறை நாளில் தண்ணீரை நிறுத்த இல்லாத காரணம் சொல்லிக்கொண்டு வாரம் நான்கு பேராவது அவரிடம் வருவார்கள். சேர்மன் போனை எடுக்கவில்லை.

வாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். சைரன் போட்டுக்கொண்டு, மடியில் வாத்தோடு ஒரு நிலைய அலுவலர் போனது அந்த ஊரில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். மோட்டார் ரூமில் பூங்கொடி அம்மாள் என் சட்டையைப் பார்த்தார், வாத்தைப் பார்த்தார். ஒரு விரலால் அதன் முதுகைத் தொட்டு முகர்ந்தார். ஹேண்டிலைப் பிடித்து இழுத்தார். மோட்டார் நின்றது. ஓடைப் பக்கம் ஓடிப் பார்த்தோம். எண்ணெயின் முனை கிணற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில், வளைவில், வெயிலில் மினுங்கிக்கொண்டு மெதுவாக வந்துகொண்டிருந்தது.

"எவன் உட்டான் இதை?" என்று கேட்டார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது, "மில்லுல டேங்க் உடைஞ்சிருச்சும்மா" என்பதுதான். அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எவனா இருந்தாலுஞ் செரி, மறுக்காத் தண்ணி தெறந்து உடற அன்னிக்கு மொதச் சொம்பு அவந்தான் குடிக்கோணும்."

படுக்க வைத்த குழாய்

கடலில் எண்ணெய் கொட்டினால் மிதவைத் தடுப்பு, உறிஞ்சும் படகு என்று என்னென்னமோ வரும். எங்களிடம் இருந்தது இரண்டு மண்வெட்டி, நான்கு பக்கெட், ஒரு வாத்து. ஓடையோரம் வேலை செய்துகொண்டிருந்த ஜேசிபியைக் கூப்பிட்டு, வளைவுக்குக் கீழே மண்ணை வெட்டி அணை போடச் சொன்னேன். தகவல் சொல்லக் கூப்பிட்டபோது, சேலத்து மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர் போனிலேயே கத்தினார். மேலே தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது, அணை போட்டால் தண்ணீர் ஏறும், மேலே மிதக்கிற எண்ணெய்தான் முதலில் தாண்டி விழும் என்றார். அன்றைக்கு இரண்டாவது தடவையாக நானே எண்ணெயைக் கிணற்றுக்கு அனுப்பப் பார்த்திருக்கிறேன்.

அணைக்கு அடியில் குழாய் வைக்க வேண்டுமாம். குழாயின் வாய் தண்ணீருக்குள் ஆழத்தில் இருந்தால் அடித்தண்ணீர் மட்டும் வெளியே போகும், எண்ணெய் மேலேயே மாட்டிக்கொள்ளும். அவ்வளவு பெரிய குழாய்க்கு எங்கே போவது? பழனியப்பன் ரோட்டுக்கு ஓடி, திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டி ஒன்றை மறித்துக் கூட்டி வந்துவிட்டார். அவர்கள் கேள்வியே கேட்கவில்லை. நான்கு கேசிங் பைப்பை இறக்கி, இடுப்பளவு கருப்புத் தண்ணீரில் நின்று சரிவாகப் பதித்தார்கள். மேலே ஜேசிபி மண்ணைத் தள்ளியது. குழாயின் மறு வாயில் கலங்கலாக, ஆனால் எண்ணெய் இல்லாமல் தண்ணீர் விழுந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ரிக் வண்டி டிரில்லர் ஓடையைவிட்டு ஏறும்போது சொன்னார்: "ஆயிரம் அடி பூமிக்குள்ள எறக்குவோம் சார். பைப்பைப் படுக்க வச்சது இன்னிக்குத்தான்."

வெளுத்த பஞ்சு

எண்ணெய் நின்றுவிட்டது. அதை எடுக்க வேண்டுமே! அணைக்கு முன்னால் ஓடை முழுக்கக் கரும்பலகை மாதிரிக் கிடந்தது. பஞ்சு எண்ணெயைக் குடிக்கும் என்று எனக்குத் தோன்றியது. தறி ஊர்தானே, பஞ்சுக்கா பஞ்சம்? பஞ்சு வெளுக்கிற பட்டறை ஒன்றிலிருந்து பத்து மூட்டை வெள்ளைப் பஞ்சு வாங்கி வந்தோம். பார்க்கவே நம்பிக்கையாக இருந்தது, அவ்வளவு சுத்தம். வீசினோம். ஐந்து நிமிஷத்தில் பத்து மூட்டையும் தண்ணீருக்குள் முழுகிப் போய்விட்டது. எண்ணெய் அசையாமல் அப்படியே மிதந்தது. கரையில் நின்ற கூட்டம் என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை.

கூட்டத்தில் விசைத்தறி ஓட்டுகிற நடேசன் நின்றிருந்தார். மூன்று தலைமுறையாக நெசவுக் குடும்பம். அவர் போய், நூற்பு மில் கழிவுப் பஞ்சு ஒரு மூட்டையோடு திரும்பினார். தூசியும் விதைத் தோலுமாக, அழுக்கு நிறத்தில், கையில் எடுக்கவே கூசும். ஒரு பிடி அள்ளி வீசினார். மிதந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து கருப்பு ஏறி, நடு வரைக்கும் கருத்தது. அதற்குப் பிறகு நடேசனின் தெருவே திரண்டு வந்துவிட்டது. லுங்கித் துணியைப் பெண்கள் மெஷினில் நீளக் குழலாகத் தைத்துக் கொடுத்தார்கள். அதற்குள் அழுக்குப் பஞ்சைத் திணித்து, ஓடைக்குக் குறுக்கே கட்டி இழுத்தோம். பொழுது சாய்வதற்குள் நாற்பது குழல் கருத்துக் கரையேறியது. மிச்சத்தைச் செப்டிக் டேங்க் லாரி வந்து உறிஞ்சியது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நடேசனைக் கேட்டேன். அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பஞ்சுல இயற்கையா ஒரு மெழுகு இருக்குதுங்க, அதனால தண்ணி ஒட்டாது. வெளுக்கறப்ப அதைத்தானுங்க மொதல்ல எடுத்துப் போடுவோம். இது தெரியாமயா நீங்க இந்த ஊர்ல இருக்கறீங்க?"

ரிப்போர்ட்டில் ஒரு கட்டம்

நான் மடியில் கொண்டுபோன வாத்து சாயங்காலம் செத்துப்போனது. பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, என் மனைவியும் நானும் மாரப்பனோடு உட்கார்ந்து மற்றவற்றைக் கழுவினோம். பாதிதான் பிழைத்தது. ஊர்க் கோபமெல்லாம் மில் கேட்டில் போய் நின்றது. மேனேஜர் குமாரசாமியை நடுரோட்டில் நிறுத்தி, "கொலைகாரா" என்று பெண்கள் குடத்தைத் தட்டினார்கள். அவர் தலையைக் குனிந்து நின்றார். கழுவியது யார் என்று அவர் வாய் திறந்து சொல்லவே இல்லை. அவர் பேசாமல் நின்றதுதான் என்னைக் குத்தியது. தனியாகப் பார்த்துக் கேட்டதற்கு, "கழுவச் சொன்னது நாந்தானுங்க சார். திட்டு வாங்கறதுக்கு ஒருத்தன் போதும், நானே வாங்கிக்கறேன். உங்களுக்கு உத்தியோகம் இருக்குது" என்றார்.

மறுநாள் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். 'எண்ணெய் நீர்நிலையில் கலந்ததற்கான காரணம்' என்று ஒரு கட்டம். 'டேங்கின் அடிக்குழாய் முறிந்தது' என்று எழுதினால் யாரும் மறுக்கப் போவதில்லை. மேனேஜரே மறுக்க மாட்டார். பேனாவை வைத்துவிட்டு இரண்டு டீ குடித்தேன். பிறகு எழுதினேன்: 'வளாகத்துக்குள் தேங்கியிருந்த எண்ணெயைத் தண்ணீர் அடித்து ஓடைக்குள் தள்ளியது நிலைய அலுவலர் சேவியர்.' கட்டம் போதவில்லை. பின்பக்கத்திலும் எழுதினேன். தோளுக்குப் பின்னால் நின்று படித்த பழனியப்பன் சொன்னார்: "சார், இது ரிப்போர்ட்டா, உங்க கோயில்ல கேக்கற பாவமன்னிப்பா?"

முதல் சொம்பு

விளக்கம் கேட்டு மேலிடத்துக் கடிதம் வந்தது. அது வரும் என்று தெரியும். அதைவிட நான் பயந்தது தண்ணீர் திறக்கிற நாளுக்குத்தான். நான்கு நாள் ஊர் முழுக்க லாரித் தண்ணீர். கிணற்றை இறைத்து, கழுவி, மறுபடி ஊறவிட்டு, தண்ணீரைச் சேலத்துக்கு அனுப்பிச் சோதித்தார்கள். எண்ணெய் இல்லை, குடிக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் காலை மோட்டார் ரூமுக்கு முன்னால் கிழக்குத் தெரு முழுக்கக் குடத்தோடு நின்றது. மில் மேனேஜரும் வந்து கூட்டத்தின் பின்னால் ஒதுங்கி நின்றார். ரிப்போர்ட்டில் இருந்தது ஊருக்குத் தெரிந்துவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் நிலையத்தில் எதுவும் ரகசியமாக இருந்ததில்லை என்பது மட்டும் தெரியும்.

பூங்கொடி அம்மாள் சோதனைக் காகிதத்தை வாங்கி, மடித்து, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். படித்துக்கூடப் பார்க்கவில்லை. மோட்டாரைப் போட்டு, முதல் தண்ணீரை ஒரு பித்தளைச் சொம்பில் பிடித்தார். குமாரசாமி முன்னால் வந்து கையை நீட்டினார். அந்த அம்மாள் அவரைத் தாண்டி நடந்து, நேராக என் முன்னால் வந்து நின்றார். சொம்பை நீட்டினார். வாங்கினேன். சொம்பில் முகர்ந்து பார்க்கக்கூட எனக்குத் துணிச்சல் இல்லை. அத்தனை பேர் பார்க்க, அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது. காலிச் சொம்பைத் திருப்பிக் கொடுத்து, நல்லாயிருக்கு என்று தலையாட்டிவிட்டுக் கிளம்பத் திரும்பினேன். பூங்கொடி அம்மாள் என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தி, அங்கிருந்த பெஞ்சைக் காட்டிச் சொன்னார்: "எங்க போறீங்க? அப்படியே உக்காருங்க சார், அரை மணி நேரம் உங்களைப் பாத்துட்டுத்தான் ஊருக்குத் தெறந்து உடுவேன்."

இருபத்தாறு வருஷம் தண்ணீர் அடித்தே சம்பளம் வாங்கிய எனக்கு, அடித்த தண்ணீர் எங்கே போகிறது என்று குனிந்து பார்க்கக் கற்றுக்கொடுக்க ஒரு வாத்து சாக வேண்டியிருந்தது.